மணலுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஓர் உப்பு



கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்றொரு கடற்கரை ஊர் உண்டு. அங்கே அலை ஒதுக்கும் மணல் பிற கடற்கரை மணலைப் போல் வெளுத்திராது. கறுத்தும் சிவந்தும் திட்டுத் திட்டாகக் காணப்படும். கறுப்பு நிறத்தைத் தருவது இல்மனைட்டு. சிவப்பைத் தருவது கார்னெட்டு. இவ்விரண்டுக்கும் இடையே, தேனின் நிறத்தில், கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படாத சிறு மணிகள் சில கலந்திருக்கும். அவற்றுக்கு மோனசைட்டு என்று பெயர். அம்மணிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் உலோகங்களை வெளிக்கொணர முயன்றவர்கள் வழியில் ஓர் உப்பைச் சந்தித்தார்கள். அவ்வுப்பு அவர்களுக்கு உதவியும் செய்தது, தொல்லையும் கொடுத்தது. சீரியம் குளோரைடு என்னும் அந்த உப்பைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன்.

இந்த மணலின் மதிப்பு வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். நாரைவிட நாரில் ஒட்டிய மண் விலையுயர்ந்ததாகிவிட்டது! சில ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கிற்று. அக்காலத்தில் அனைவரும் நாடியது மோனசைட்டில் உள்ள தோரியத்தையே. திருவிழாக் காலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிச் சென்றதைப் பார்த்தவர்களுக்கு, அதனுள் வெண்மையாக ஒளிர்ந்த வலை நினைவிருக்கும். அந்த வலை நூறு பங்கில் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடும் கலந்தது. ஆகவே தோரியத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் கழிவென்று ஒதுக்கிக் குவித்தார்கள். அக்குவியலுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தியக் கடற்கரை மோனசைட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு அருமண் ஆக்ஸைடுகளும், 8 அல்லது 9 பங்கு தோரியம் ஆக்ஸைடும், சிறிதளவு யுரேனியமும் உள்ளன. மீதி பெரும்பாலும் பாஸ்பேட்டு. 'அருமண்' என்ற பெயரில் இரு பிழைகள் உள்ளன. இவை அரியனவும் அல்ல, மண்ணும் அல்ல. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. பழங்கால இரசாயனிகள், எளிதில் உருகாத, நீரில் கரையாத ஆக்ஸைடுகளை 'மண்' என்று வழங்கினார்கள். அவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. நம் பாடநூல்களும் இவற்றுக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்பது என் நெடுநாளைய குறை. ஆவர்த்தன அட்டவணையின் அடியில், வீட்டுக்கு வெளியே திண்ணையில் உட்கார வைத்த விருந்தினரைப் போல், தனி வரிசையாக இவற்றை எழுதிவிட்டு, "இவற்றின் பண்புகள் ஒன்றுபோல் இருக்கும்" என்ற ஒரே வாக்கியத்தோடு ஆசிரியரும் மாணவரும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றனர்.

இவ்வருமண் மூலகங்களுள் மோனசைட்டில் மிகுந்திருப்பது சீரியம்; மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அடுத்தது லாந்தனம். பிறகு நியோடிமியம், பிரசியோடிமியம் முதலியன. 1801-இல் வானத்தில் சீரீஸ் என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாண்டு கழித்து, 1803-இல், சுவீடனில் பெர்சீலியஸும் ஹிஸிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே ஒரு புதிய 'மண்'ணைக் கண்டபோது, அச்சிறுகோளின் பெயரே இம்மூலகத்துக்கும் வாய்த்தது.

மோனசைட்டு மணி நீரில் கரையாது. மென் அமிலங்களும் அதை எளிதில் தீண்டா. அருமண் அயனி மூன்று நேர் மின்னூட்டம் கொண்டது. பாஸ்பேட்டு அயனி மூன்று எதிர் மின்னூட்டம் கொண்டது. ஒன்றுக்கு ஒன்று என்று இவை இறுகப் பிணைந்துவிடுவதால், மலைப் பாறை சிதைந்து, ஆறு உருட்டி, கடல் அரைத்த பின்னும் மோனசைட்டு மோனசைட்டாகவே எஞ்சுகிறது. அப்பிணைப்பை முறித்து, நீரில் எளிதில் கரையும் வேறோர் உருவத்துக்கு மாற்றினாலன்றி மேற்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. அந்தக் கரையும் உருவந்தான் குளோரைடு.

கேரளத்தில் ஆலுவாவுக்கு அருகே உத்தியோகமண்டலத்தில் இந்திய அருமண் நிறுவனத்தின் தொழிற்சாலையை 1952 டிசம்பர் 24-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு திறந்துவைத்தார். மோனசைட்டிலிருந்து அருமண் குளோரைடு செய்வதே அதன் முதல் வேலை. மணலை மாவாக அரைத்து, செறிந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டு, நீரின் கொதிநிலைக்கு மேல் பல மணி நேரம் சூடேற்றுவார்கள். பாஸ்பேட்டு சோடியத்தோடு சேர்ந்து டிரைசோடியம் பாஸ்பேட்டு என்னும் உபபொருளாகக் கரைந்து வந்துவிடும். அருமண்களும் தோரியமும் ஹைடிராக்ஸைடுகளாக, கரையாத சேற்றைப் போல் அடியில் தங்கும். இச்சேற்றில் ஹைடிரோகுளோரிக் அமிலத்தை அளவறிந்து சேர்க்க வேண்டும். அமிலம் மிகுந்துவிட்டால் எல்லாமே கரைந்துவிடும். அளவோடு நிறுத்தினால், மூன்று மின்னூட்டமுள்ள அருமண்கள் கரைய, நான்கு மின்னூட்டமுள்ள தோரியம் கரையாமல் பின்தங்கும். நான்கு மின்னூட்டம் ஹைடிராக்ஸைடை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வதால் இவ்வேறுபாடு நேர்கிறது. 'அளவறிந்து' என்று நான் சொன்ன ஒரு சொல்லில் இத்தொழிலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

சீரியத்திடம் இங்கே ஒரு குறும்பு உண்டு. அருமண்களுள் இது மட்டும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மூன்றாம் இணைதிறனிலிருந்து நான்காம் இணைதிறனுக்கு எளிதில் ஏறிவிடும். வெண்ணிற ஹைடிராக்ஸைடு காற்றுப் பட்டு மஞ்சளாவதைக் கண்ணாலேயே காணலாம். அப்படி மஞ்சளானது அமிலத்தில் எளிதில் கரையாமல் தோரியத்தோடு தங்கிவிடப் பார்க்கும். வலிய அமிலத்தில் வலிந்து கரைத்தாலோ, குளோரைடைத் தாக்கி மூச்சை அடைக்கும் குளோரின் வாயுவைக் கிளப்பும். கலவையிலிருந்து சீரியத்தை மட்டும் தனியே பிரிக்க விரும்புபவர்கள் இதே குறும்பைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றனர்.

இனி, என் கருத்தில் இத்தொழிலிலேயே மிகுந்த மதிப்புக்குரிய படிக்கு வருகிறேன். இதில் பளபளக்கும் பொருள் ஒன்றும் கிடைப்பதில்லை. கிடைப்பது, எவரும் விலைக்கு வாங்காத ஒரு கழிவு.

தோரியம் தானாகச் சிதையும் மூலகம். அது மிக மெல்லச் சிதைந்து ரேடியத்தின் ஒரு வகையைப் பிறப்பிக்கிறது. அணு நிறை 228 உடைய அவ்வகைக்கு முன்னோர் மீசோதோரியம் என்று பெயரிட்டிருந்தனர். தோரியத்தைக் கரையாமல் நிறுத்திவிட்டோம் என்று நாம் மகிழ்ந்திருக்கும்போது, அதன் வாரிசான ரேடியம் அருமண் குளோரைடோடு கரைசலுக்குள் வந்துவிடுகிறது. ஏனெனில் ரேடியம் குளோரைடும் நீரில் நன்றாகக் கரைவதே. அருமண் உப்பு தன்னளவில் அஞ்சத்தக்கதன்று. அதனோடு ஒளிந்து வருவதுதான் அஞ்சத்தக்கது.

அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1910-களின் இறுதியிலும் 1920-களிலும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு வண்ணம் தீட்டும் வேலையில் இளம் பெண்கள் பலர் அமர்த்தப்பட்டனர். தூரிகையின் நுனியை உதடுகளுக்கு இடையே வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அவ்வண்ணத்தில் ரேடியத்தோடு மீசோதோரியமும் கலந்திருந்தது. உடலுக்குள் போன ரேடியம், கால்சியத்தின் உறவினன் ஆகையால், நேரே எலும்புக்குச் சென்று தங்கிற்று. தாடை எலும்பு அழுகியும், இரத்தம் குன்றியும், புற்று நோயாலும் அவர்களுள் பலர் மாண்டனர். எடையால் நோக்கினால் அவர்கள் விழுங்கியது கண்ணுக்குத் தெரியாத துளி.

கரைசலில் உள்ள ரேடியமும் அவ்வாறே மிகச் சிறிய அளவு. தனியே வீழ்படியச் செய்யப் போதாது. ஆகவே அதற்கு ஒரு துணையைக் கூட்டி அனுப்புகின்றனர். அத்துணை, அதே குடும்பத்தைச் சேர்ந்த பேரியம். கரைசலில் பேரியம் குளோரைடையும் ஒரு சல்பேட்டு உப்பையும் சேர்த்தால், பேரியம் சல்பேட்டு வெண்மையான பொடியாக வீழ்படிகிறது. அப்படிகம் உருவாகும்போது, பேரியம் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றில் ரேடியம் அமர்ந்துகொள்கிறது. இரண்டின் அயனிகளும் உருவிலும் மின்னூட்டத்திலும் ஒத்தவை. 1898-இல் கியூரி தம்பதியர் தாதுவிலிருந்து ரேடியத்தைத் தேடியபோது, அது பேரியத்தை விட்டு அகலாமல் அவர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. அவர்களுக்குத் துன்பமாக இருந்த அதே உறவு இங்கே துணையாகிறது. கரைசலில் வரும் கதிரியக்க ஈயத்தைச் சல்பைடாக வீழ்த்தி நீக்குவர். இவ்விரு வீழ்படிவுகளும் சேர்ந்த சேற்றை வடிகட்டி எடுத்து, பாதுகாப்பான குழிகளில் இட்டுக் காவல் வைக்க வேண்டும்.

எத்தனை காலம் காவல்? சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ரேடியம்-228 ஏறத்தாழ 5.75 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் போதும். ஆனால் மோனசைட்டில் சிறிது யுரேனியமும் உண்டு என்றேன் அல்லவா? அதன் வழியில் பிறக்கும் ரேடியம்-226 பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஒரு தலைமுறை குழியை மூடிவிட்டுக் கைகழுவிவிட முடியாது. மோனசைட்டிலிருந்து குளோரைடு செய்யும் எத்தொழிற்சாலையையும் அதன் உற்பத்திக் கணக்கைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது என்பேன். அந்த வெண்சேற்றின் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கடற்கரை மக்கள் அதைக் கேட்கும்போது அவர்களுக்குத் தெளிவாகவும் பொறுமையாகவும் விடை கூறுவது, படித்தவர்கள் செய்ய வேண்டிய கடமை.

தூய்மையாக்கிய கரைசலைச் சுண்டக் காய்ச்சினால் கலப்பு அருமண் குளோரைடு இளஞ்சிவப்புச் சாயலோடு கட்டியாகும். அச்சாயல் சீரியத்துடையதன்று. சீரியம் குளோரைடும் லாந்தனம் குளோரைடும் நிறமற்றவை. நியோடிமியம் குளோரைடு ஊதா கலந்த சிவப்பு. பிரசியோடிமியம் குளோரைடு இலைப் பச்சை. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்திருந்ததை மோசாண்டர் என்னும் சுவீடன் நாட்டவர் ஒரே மூலகமென்று கருதி, 'இரட்டையர்' என்று பொருள்படும் டிடிமியம் என்ற பெயரை வைத்தார். லாந்தனத்துக்கு இரட்டையாகப் பிறந்தது என்பது அவர் கருத்து. 1885-இல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் அவுவர் அதைப் பச்சை, சிவப்பு என இரு உப்புகளாகப் பிரித்தபோதுதான், அப்பெயருக்குள்ளேயே வேறு இரட்டையர் ஒளிந்திருந்தது தெரியவந்தது.

நீரிலிருந்து படிகமாகும் சீரியம் குளோரைடு, ஒரு மூலக்கூறுக்கு ஏழு மூலக்கூறு நீரைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. எடைக் கணக்கில் 100 கிராம் படிகத்தில் ஏறத்தாழ 34 கிராம் நீர். கையில் எடுத்தால் உலர்ந்த உப்புப் போல் இருக்கும் பொருளில் மூன்றில் ஒரு பங்கு நீர் என்றால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். இவ்வளவு நீர் எதற்காக? சீரியம் அயனி உருவில் பெரியது, மின்னூட்டமும் மூன்று. நீர் மூலக்கூறின் ஆக்ஸிஜன் முனை சற்று எதிர் மின் தன்மை உடையதாதலால் அயனியைச் சூழ்ந்து ஒட்டிக்கொள்கிறது. குளோரினைவிட ஆக்ஸிஜன்மேல் அருமண்களுக்குப் பற்று மிகுதி. இந்தப் பற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால் விளையும் தொல்லையைத்தான் இனிக் கூறப் போகிறேன்.

ஈரமான சமையல் உப்பை வாணலியில் இட்டு வறுத்தால் நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு உப்பாகவே இருக்கும். அதே போல் சீரியம் குளோரைடுப் படிகத்தையும் சூடேற்றி நீரை ஓட்டிவிடலாம் என்று எவரும் எண்ணுவர். தொடக்கத்தில் அவ்வாறே நடக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. ஆனால் கடைசியில் எஞ்சியிருக்கும் நீர் எளிதில் விலகுவதில்லை. வெப்பம் ஏற ஏற, அந்நீர் தன் ஆக்ஸிஜனைச் சீரியத்திடம் கொடுத்துவிட்டு, தன் ஹைடிரஜனோடு இரண்டு குளோரினை இழுத்துக்கொண்டு ஹைடிரோகுளோரிக் அமில வாயுவாக ஓடிவிடுகிறது. மூசையில் எஞ்சுவது சீரியம் குளோரைடு அன்று, சீரியம் ஆக்ஸிகுளோரைடு. பார்வைக்கு அதுவும் பொடிதான். நீரில் போட்டால்தான் குட்டு வெளிப்படும்: குளோரைடு கரைந்துவிடும், ஆக்ஸிகுளோரைடு கலங்கலாக நிற்கும். இவ்விதம் நீரால் சிதைவதை நீராற்பகுப்பு என்பர். உப்பளக் கழிநீரில் கிடைக்கும் மக்னீசியம் குளோரைடும் இவ்வாறே செய்யும். மழைக் காலத்தில் சமையல் உப்பைக் கசியச் செய்வதும் பெரும்பாலும் அந்த மக்னீசியம் குளோரைடுதான். ஆகவே இவ்விஷயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இத்தொல்லைக்கு மருந்தும் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைத் தேய்க்கும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, அந்த மருந்து. நவச்சாரத்தைச் சூடேற்றினால் அது அம்மோனியாவாகவும் ஹைடிரோகுளோரிக் அமில வாயுவாகவும் பிரியும். நீராற்பகுப்பில் வெளியேறுவதும் அதே அமில வாயுதானே? வெளியேறும் பொருளைச் சுற்றிலும் மிகுதியாக நிரப்பி வைத்துவிட்டால், வினை முன்னேற இடமின்றிப் பின்னோக்கித் திரும்புகிறது. 1884-இல் இலெ சாத்தலியே என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த விதி இதுவே. உருவாகிவிட்ட ஆக்ஸிகுளோரைடையும் நவச்சாரம் விட்டுவைப்பதில்லை. அதன் ஆக்ஸிஜனை நீராக அனுப்பி, குளோரினைத் திருப்பிக் கொடுத்து, மீண்டும் குளோரைடாக்கிவிடுகிறது. செய்முறையில், குளோரைடுக் கரைசலோடு நவச்சாரத்தை மிகுதியாகச் சேர்த்து உலர்த்தி, பிறகு வெற்றிடத்தில் படிப்படியாக வெப்பத்தை ஏற்றுவர். முதலில் சீரியமும் நவச்சாரமும் கூடிய இரட்டை உப்பு உண்டாகும். அதிலுள்ள நவச்சாரம் ஏறத்தாழ 400 பாகை வெப்பத்தில் பதங்கமாகிப் போய்விட, வெண்மையான நீரற்ற சீரியம் குளோரைடு எஞ்சும். ஹைடிரோகுளோரிக் அமில வாயுவையே நேராகச் செலுத்தி உலர்த்தும் முறையும் உண்டு, விதி ஒன்றே.

இத்தனை பாடுபட்டு உலர்த்துவது எதற்காக? உலோகத்துக்காக. 1820-களில், முன் சொன்ன மோசாண்டரே, தம் ஆசிரியர் பெர்சீலியஸின் ஆய்வுக்கூடத்தில், நீர் படாத வழியாகச் சீரியம் சல்பைடின்மேல் குளோரினைச் செலுத்திக் குளோரைடாக்கி, அதைப் பொட்டாசியத்தோடு சூடேற்றிச் சீரியம் உலோகத்தைத் தூய்மையற்ற பொடியாகப் பெற்றார். 1875-இல் ஹைடல்பெர்க் நகரில், புன்சனின் ஆய்வுக்கூடத்தில், ஹில்பிராண்டு, நார்ட்டன் என்னும் இருவர் உருகிய குளோரைடில் மின்சாரத்தைச் செலுத்தி உலோகத்தைக் கட்டியாகவே எடுத்தனர். குளோரைடு ஏறத்தாழ 820 பாகையில் உருகும். சீரியம் அதற்கும் சற்றுக் குறைந்த வெப்பத்தில் உருகுவதால், உண்டாகும் உலோகம் திரவமாக அடியில் திரளும். குளோரின் கரித் தண்டின் பக்கமாக வெளியேறும். உப்பில் ஈரம் இருந்துவிட்டாலோ, ஆக்ஸிகுளோரைடு சேறாகப் படிந்து, உலோகத் துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் சிதறடித்துவிடும். கரித் தண்டும் அரிபடும்.

இங்கேதான் முன்பு விட்டுவந்த கழிவுக் குவியலின் கதை தொடர்கிறது. காஸ் விளக்கு வலையை உலகுக்கு அளித்தவரும், டிடிமியத்தைப் பிரித்தவரும் ஒருவரே: அவுவர். தம் வலைத் தொழிலுக்காகத் தோரியம் எடுத்தபின் மலைபோல் குவிந்த அருமண் கழிவை அவர் பயனற்றதென்று விடவில்லை. அதைக் குளோரைடாக்கி, உருக்கி, மின்னாற்பகுத்து, அருமண்கள் யாவும் கலந்த ஓர் உலோகத்தை எடுத்தார். அது மிருதுவானது, உரசினால் பொறி பறக்கும். அதோடு நூற்றுக்கு முப்பது பங்கு இரும்பைச் சேர்த்துக் கடினமாக்கி, 1903-இல் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டரில் சக்கரம் உரசும் சிறு 'கல்' அதுவே. கல் என்று நாம் சொல்கிறோமே தவிர அது உலோகம். சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீ மூட்டிய மனிதன் பல்லாயிரம் ஆண்டு கழித்து மறுபடியும் பொறியிலிருந்தே தீ மூட்டத் தொடங்கினான். இன்று காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியம் போன்றவற்றைப் பெரும்பாலும் உருகிய புளோரைடில் ஆக்ஸைடைக் கரைத்து எடுக்கிறார்கள். ஈரத்தின் தொல்லை அங்கே குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்.

நீர் கொண்ட படிகமே போதும் என்ற இடமும் உண்டு. 1978-இல் லூஷ் என்னும் பிரெஞ்சு இரசாயனி, சோடியம் போரோஹைடிரைடு என்னும் ஒடுக்கிக்குச் சீரியம் குளோரைடைத் துணை சேர்த்தார். இரட்டைப் பிணைப்பும் அதையொட்டிக் கார்பன்–ஆக்ஸிஜன் தொகுதியும் உள்ள கரிமப் பொருள்களில், இரட்டைப் பிணைப்பைத் தொடாமல் மற்றதை மட்டும் இவ்விரண்டும் சேர்ந்து ஆல்ககாலாக்கிவிடும். சாதாரண வெப்பத்தில், மெத்தில் ஆல்ககாலில், சில நிமிடங்களில் முடியும் வேலை. மருந்துப் பொருள் செய்வோர் இன்றும் இதை நாடுகின்றனர். ஆனால் லித்தியம் சேர்ந்த கரிமப் பொருள்களோடு வினைபுரியச் செய்ய வேண்டுமானால் நீரற்ற குளோரைடுதான் வேண்டும். அதற்காக வெற்றிடத்தில் 140 பாகை அளவில் உலர்த்தி, முற்றிலும் வறண்டதென்று நம்பிப் பல ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். பின்னர்க் கவனமாக ஆராய்ந்தபோது, அம்முறையில் உலர்த்தியதில் மூலக்கூறுக்கு ஒன்றாக நீர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது!

பிற பயன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-களின் தொடக்கத்திலிருந்து, கனத்த எண்ணெயைப் பெட்ரோலாகச் சிதைக்கும் ஜியோலைட்டு ஊக்கிகளில், சோடியத்தை நீக்கி அருமண் அயனிகளைப் புகுத்துகின்றனர். புகுத்துவதற்குக் குளோரைடுக் கரைசலே வசதி. நீச்சல் குளங்களில் பாசி படராமல் தடுக்க லாந்தனம் குளோரைடைக் கலக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டை லாந்தனம் பற்றிக்கொண்டு கரையாத பொருளாக அடியில் தங்கிவிடும். அங்கே உண்டாகும் அருமண் பாஸ்பேட்டு, நாம் காஸ்டிக் சோடா இட்டு அரும்பாடுபட்டு உடைத்த மோனசைட்டின் நெருங்கிய உறவுப் பொருள்.

சீரியம் குளோரைடும் லாந்தனம் குளோரைடும் ஒன்றுகூடும் ஓர் இடத்தையும் கூறி முடிக்கிறேன். லாந்தனம் குளோரைடை உருக்கி, அதில் சிறிதளவு சீரியம் குளோரைடைக் கலந்து, மெல்லக் குளிரவைத்துக் கண்ணாடி போன்ற ஒற்றைப் படிகமாக வளர்க்கின்றனர். காமாக் கதிர் ஒன்று அதனுள் பாய்ந்தால், சீரியம் அயனி உடனே ஒளித்துளி ஒன்றை உமிழும். அவ்வொளியின் அளவைக் கொண்டு, வந்த கதிரின் ஆற்றலையும், அது எம்மூலகத்திலிருந்து பிறந்தது என்பதையும் அறியலாம். 2000-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த இப்படிகம், முன்பு வழங்கிய சோடியம் அயோடைடுப் படிகத்தைவிடக் கூர்மையாகக் கதிர்களை வேறுபடுத்திக் காட்டுகிறது. இயற்கை லாந்தனத்தில் பத்தாயிரத்தில் ஒன்பது பங்களவு தானே கதிரியக்கம் உள்ள வகையாதலால், எதிரே ஒன்றும் இல்லாதபோதும் இக்கருவி மெல்லியதாய் ஏதோ ஒன்றைக் கணக்கிட்டுக்கொண்டேயிருக்கும். பயில்வோர் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். காற்றிலுள்ள ஈரம் பட்டால் படிகம் கலங்கிக் கசிந்துவிடும். ஆகவே அதை ஒரு பக்கம் கண்ணாடிச் சாளரம் வைத்த உலோக உறைக்குள், ஈரம் புகாதபடி அடைத்தே விற்கிறார்கள். உறையைத் திறக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதனோடு வரும்.